இல்லமும் வீடும்



மனிதன் குடியிருக்கும் இடத்தைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. இல், இல்லம், மனை, அகம், குடில், வீடு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்தவன் நான். இவற்றுக்கெல்லாம் பொருள் ஒன்றே என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் ஊரார் வாயில் இச்சொற்கள் எப்படி வழங்குகின்றன என்பதைச் சற்றுக் காதுகொடுத்துக் கேளுங்கள். முதியோர் இல்லம் என்கிறோம். அநாதை இல்லம் என்கிறோம். மனவளர்ச்சி குன்றியோர் இல்லம் என்கிறோம். முதியோர் வீடு என்று எவரும் சொல்வதில்லை. 'எங்கள் வீடு' என்று ஒருவன் சொல்லும்போது அதில் உரிமை ஒலிக்கிறது. 'இல்லத்தில் இருக்கிறான்' என்று ஒருவனைப் பற்றி நாம் சொன்னால், அவன் வேறு யாருடைய பொறுப்பிலோ இருக்கிறான் என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது. வீடு என்னும் சொல் 'விடு' என்பதன் அடியாகப் பிறந்தது. விடுதலைக்கும் அதுவே பெயர். அறம், பொருள், இன்பம் என்று எண்ணி நான்காவதாக நம் முன்னோர் நிறுத்தியதும் அந்தச் சொல்லைத்தான்.

இந்தச் சொல்லாராய்ச்சி எனக்குத் தானாகத் தோன்றியதன்று. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் எனக்குக் கற்பித்த பாடம் அது. அவனைப் பற்றியும் அவனைப் போன்ற இளைஞர்களைப் பற்றியும் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

சென்னையிலிருந்து வடக்கே ஆந்திர எல்லையை நோக்கிச் செல்லும் மின்சார ரயில் பாதையில், பொன்னேரியையும் கவரைப்பேட்டையையும் தாண்டினால் கும்மிடிப்பூண்டி. ஒரு காலத்தில் நெல்வயலும் ஏரியும் பனைமரமுமாக இருந்த ஊர். 1971-இல் தமிழக அரசு தோற்றுவித்த சிப்காட் நிறுவனம் அமைத்த தொழிற்பேட்டை வந்த பிறகு, இரும்பை உருக்கிக் கம்பியாக நீட்டும் ஆலைகளும் வேறு பல தொழிற்சாலைகளும் அங்கே பெருகின. காலை ஆறு மணிக்கு ரயில் நிலையத்தில் நின்றால், தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் கலந்து காதில் விழும். என் மாணவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள். நான் சொல்லும் பையனும் அப்படிச் சேர்ந்தவன்தான். பெயர் வேண்டாம், நான் அவனைத் 'தம்பி' என்றே அழைப்பது வழக்கம்.

2016-ஆம் ஆண்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், ஒப்பந்தக்காரர் ஒருவர் ஓர் ஆலையின் கூரையில் ஒழுகும் இடங்களை அடைக்க ஆள் சேர்த்தார். கல்நார் ஓடு வேய்ந்த கூரை. கீழிருந்து பார்ப்பவர்க்கு அது உறுதியாகத் தெரியும். வெயிலிலும் மழையிலும் பல ஆண்டு கிடந்த ஓடு மனிதன் எடையைத் தாங்காது. பலகை போட்டு, அதன்மேல் நடக்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்ட வேண்டும். அன்று பலகையும் இல்லை, கயிறும் இல்லை. ஓடு உடைந்தது. பத்தொன்பது வயதுப் பையன் சிமெண்டுத் தரையில் முதுகு அடிபட விழுந்தான்.

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகளின் கோவை. அதன் நடுவே ஓடும் தண்டுவடம்தான் மூளையின் கட்டளையைக் கைகால்களுக்குக் கொண்டு செல்கிறது. எலும்பு முறிந்தால் கூடும்; தண்டுவடம் அறுந்தால் இன்றைய மருத்துவத்தால் அதை மீண்டும் ஒட்டவைக்க இயலவில்லை. முறிவுக்குக் கீழே உள்ள உடல் அசைவை இழக்கும், உணர்ச்சியை இழக்கும், சிறுநீரும் மலமும் கழிப்பது தன் வசத்தில் இராது. தம்பிக்கு முறிவு முதுகின் கீழ்ப்பகுதியில். ஆகவே கைகளும் மார்பும் முன்போலவே வலிமையோடு இருந்தன. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

மருத்துவமனையில் சில வாரங்கள் வைத்திருந்தார்கள். பிறகு வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். எந்த வீட்டுக்கு? தந்தை இல்லை. தாய் வயல் வேலைக்கும், வயல் வேலை இல்லாத நாளில் நூறு நாள் வேலைக்கும் போகிறவள். இருந்தது ஓர் ஓலைக் குடிசை. அதற்குப் போகும் சந்தில் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த அம்மா என்னிடம் வந்து அழுதாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லம் நடத்திவந்தார். அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவரும் மனமிரங்கிச் சேர்த்துக்கொண்டார். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நான் நிம்மதியாக உறங்கினேன். பத்தொன்பது வயதுப் பிள்ளையை எழுபது வயதுக்காரர் நடுவில் கொண்டு போட்டுவிட்டோமே என்ற எண்ணம் அன்று எனக்கு எழவே இல்லை.

அந்த இல்லத்தின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேளைக்குச் சோறு போட்டார்கள். படுக்கையைச் சுத்தமாக வைத்தார்கள். ஒருவரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. காலை ஐந்து மணிக்கு எழுப்புவார்கள். மாலை ஆறரைக்கு இரவுச் சாப்பாடு. எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். முதியவர்களுக்கு அந்த ஒழுங்கு பொருந்தும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நான் போய்ப் பார்த்துவருவேன். போகும்போதெல்லாம் பழம் வாங்கிக்கொண்டு போவேன். அவனும் சிரித்த முகத்தோடு பேசுவான்.

பெருந்தொற்றுக் காலத்தில் இல்லத்தின் வாசற்கதவைப் பூட்டிவிட்டார்கள். பல மாதம் எவரும் உள்ளே போக முடியவில்லை. 2021-இல் அனுமதித்தபோது போனேன். நாங்களெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்து பட்ட பாட்டை நான் அவனிடம் பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, உங்களுக்கு அது முடிந்துவிட்டது" என்றான். நான் வாயடைத்துப் போனேன். பிறகு பக்கத்துக் கட்டிலைக் காட்டினான். அந்தக் கட்டிலில் தான் வந்த நாளிலிருந்து ஏழு பேர் இறந்துவிட்டார்கள் என்றும், ஒவ்வொருவரும் தன்னிடம் ஒரே வகையான கதைகளைச் சொன்னார்கள் என்றும், எட்டாமவர் நேற்று வந்திருக்கிறார் என்றும் சொன்னான். "உனக்கு என்னதான் வேண்டும், தம்பி?" என்று கேட்டேன். பெரிதாக ஏதேனும் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். "இரவு பத்து மணிக்கு ஒரு தேநீர்" என்றான். சற்று நேரம் கழித்து, "நீங்கள் என்னைப் பத்திரமாக வைத்துவிட்டீர்கள், ஐயா" என்றான். நன்றியாகச் சொன்னானா, வேறு எதுவாகச் சொன்னானா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை. இன்றும் நான் கேட்கவில்லை.

நண்பர்களே, அன்று ரயிலில் திரும்பும்போது எனக்கு மணிமேகலைக் கதை நினைவுக்கு வந்தது. ஆபுத்திரன் மதுரையில் பார்வையற்றோரையும் செவி கேளாதோரையும் கால் ஊனமுற்றோரையும் அழைத்துச் சோறிட்டான். அவனுக்குப் பிறகு அந்த அமுதசுரபி மணிபல்லவத்தில் மணிமேகலையின் கைக்கு வந்தது. சோழ மன்னனிடம் அவள் கேட்ட வரம் யாது? சிறைச்சாலையை அறச்சாலை ஆக்குக என்பது. அவ்வாறே ஆயிற்று. அந்தப் பகுதியை எத்தனையோ முறை நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அறச்சாலை தன்னையறியாமல் சிறைச்சாலையாக மாறக்கூடும் என்பதும், அதற்குக் கொடுமைக்காரர் எவரும் தேவையில்லை, பூட்டும் கால அட்டவணையும் போதும் என்பதும் அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

இந்தச் சிக்கல் நம் மாவட்டத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1948-இல் லெனார்டு செஷயர் என்னும் விமானப்படை வீரர் லே கோர்ட் என்ற மாளிகையில் நோயுற்றோர்க்கு ஓர் இல்லம் தொடங்கினார். நல்ல எண்ணத்தோடு நடந்த இல்லம் அது. அங்கே வாழ்ந்த பால் ஹண்ட் என்னும் இளைஞரும் தோழர்களும் நிர்வாகத்தோடு எதற்காகப் போராட வேண்டியிருந்தது தெரியுமா? இரவில் எப்போது படுக்கப் போவது என்பதைத் தாமே முடிவுசெய்யும் உரிமைக்காக. என் மாணவன் அவர் பெயரைக் கேட்டதில்லை. ஆயினும் இருவர் கேட்டதும் ஏறத்தாழ ஒன்றே. 1972-இல் ஹண்ட் கார்டியன் நாளிதழுக்கு எழுதிய கடிதம் ஓர் இயக்கத்துக்கே வித்தாயிற்று.

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்பவர் 1953-இல், பதினான்கு வயதில், இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டார். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. இரவில் மூச்சு விடுவதற்கே இரும்பு எந்திரத்துக்குள் படுக்க வேண்டும். 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவர் தங்குவதற்கு மாணவர் விடுதியில் இடமில்லை. கல்லூரி மருத்துவமனையில் ஓர் அறை கொடுத்தார்கள். அவரைப் பார்த்து அவரைப் போன்ற வேறு மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஊருக்குள் சென்று வாழ்வது எப்படி என்று அவர்கள் கூடிப் பேசியதன் பயனாக 1972-இல் தற்சார்பு வாழ்வுக்கான முதல் நடுவம் அங்கே உருவாயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கலிபோர்னியாவின் மறுவாழ்வுத் துறை, இவர் எந்த வேலைக்கும் உதவமாட்டார் என்று ஒரு காலத்தில் கைவிட்டது. 1975-இல் அதே துறைக்கு அவரே தலைவரானார்.

தற்சார்பு என்றால் எவர் உதவியும் இல்லாமல் வாழ்வது என்று நாம் நினைக்கிறோம். அது பிழை. நாம் எல்லாரும் பிறர் உதவியால்தான் வாழ்கிறோம். பால்காரர் ஒரு நாள் வராவிட்டால் காப்பி இல்லை. எந்த உதவி, எப்போது, யாரால் என்பதை நாமே சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. நம் இரட்டைப் புலவரை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்குக் கால் இல்லை. மற்றவருக்குக் கண் இல்லை. கண்ணில்லாதவர் தோளில் காலில்லாதவர் அமர்ந்து வழி சொல்ல, ஊர் ஊராகச் சென்று பாடினார்கள் என்பது வழிவழிச் செய்தி. ஏகாம்பரநாதர் உலாவும் தில்லைக் கலம்பகமும் அவர்கள் பாடியவை. அவர்களை ஒரு சத்திரத்தில் உட்காரவைத்து வேளாவேளைக்குச் சோறு போட்டிருந்தால் அந்த நூல்கள் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயம்.

நம் நாட்டிலும் வழிகாட்டிகள் உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர் 1954-இல் வண்டி விபத்தில் தண்டுவடம் முறிந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். 1966-இல் அவர் முயற்சியால் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அங்கே சிகிச்சை என்பது நோயாளியைக் கிடத்திவைப்பதன்று; நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தாவக் கற்பிப்பதும், ஊருக்குத் திரும்பிப் பிழைக்க ஆயத்தப்படுத்துவதுமே ஆகும். திரும்பிப் போனவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே ஒரு மேளாவுக்குக் கூடுகிறார்கள்.

தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் இராமகிருஷ்ணன் என்பவர் இருக்கிறார். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல், கடற்படை அதிகாரித் தேர்வில் உயரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் பெயரால் 1981-இல் ஒரு கீற்றுக் கொட்டகையில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மன நோயால் துன்புறுவோர் நிலை இவர்களினும் கடுமையானது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓடித் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். அதை நினைக்கும்போதெல்லாம் நம் மாநிலமே தலைகுனிய வேண்டும். ஆனால் இதே தமிழகத்தில், 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள், தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்காகச் சென்னையில் 'பான்யன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் அவர்கள் கட்டியதும் ஒரு காப்பகம்தான். பலர் குணமாகிக் குடும்பத்துக்குத் திரும்பினார்கள். சிலருக்குத் திரும்பக் குடும்பம் இல்லை. ஆண்டுகள் பல கடந்தும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்காக 2015-ஆம் ஆண்டையொட்டி ஒரு புதுவழி கண்டார்கள். ஊருக்குள் சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டை வாடகைக்கு எடுப்பது. நாலைந்து பேர் அதில் சேர்ந்து குடியிருப்பது. உதவிக்கு ஒருவர் உடன் இருப்பது. சமையலும் கடைத்தெருவும் அவர்கள் விருப்பப்படி. 'மீண்டும் வீடு' என்று பொருள்படும் பெயரிட்ட அந்தத் திட்டம் பிற மாநிலங்களுக்கும் பரவியது. தாம் கட்டிய காப்பகத்தின் குறையைத் தாமே கண்டு அதற்கு மாற்றுத் தேடிய பண்பு எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாருக்கும் அந்தத் துணிவு வராது. எனக்கு வர ஐந்தாண்டு ஆயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் நிறைவேற்றிய உடன்படிக்கையின் பத்தொன்பதாம் பிரிவு, எங்கே வாழ்வது, யாரோடு வாழ்வது என்பதை மாற்றுத்திறனாளிகள் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கூறுகிறது. இந்தியா 2007-இல் அதை ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவும் சமூகத்தில் வாழும் உரிமையைச் சொல்கிறது. இன்ன இடத்தில்தான் வாழவேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தப்படாதிருக்கவும், வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற ஆள் உதவி கிடைக்கவும் அரசு முயலவேண்டும் என்கிறது. 'முயலவேண்டும்' என்ற வினையைக் கவனியுங்கள். இலக்கணம் படித்தவனுக்கு அந்தச் சொல் சற்று உறுத்துகிறது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: குடும்பம் இல்லை, அல்லது குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கலாகாது என்கிறது அதன் பத்தொன்பதாம் பிரிவு.

சட்டத்தை எடுத்துக்கொண்டு வீடு தேடப் புறப்பட்டேன். அப்போதுதான் உண்மையான தேர்வு தொடங்கியது.

சக்கர நாற்காலியில் ஒருமுறை அமர்ந்து உங்கள் தெருவைப் பாருங்கள். நம் வீடுகளெல்லாம் மழைநீருக்கும் பாம்புக்கும் அஞ்சிக் கட்டியவை. வாசலில் மூன்று படி, பிறகு நிலைப்படி, கழிப்பறைக்கு மீண்டும் ஒரு படி. ஓர் அடி உயரம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும் என்பது கட்டடக் கலையில் வழங்கும் கணக்கு. அதனினும் செங்குத்தானால் கை சோரும், நாற்காலி பின்னுக்குச் சாயும். அத்தனை இடம் எந்த வாசலில் இருக்கிறது? கதவு ஏறத்தாழ மூன்றடி அகலம் வேண்டும்; கழிப்பறைக் கதவுகளில் பல இரண்டடியே. பதினேழு வீடு பார்த்தோம். இடம் பொருந்திய வீட்டில் மனம் பொருந்தவில்லை. "நாங்கள் நல்லது கெட்டது செய்கிற வீடு" என்றார் ஒருவர். அதன் பொருளை நான் விளக்கத் தேவையில்லை.

கடைசியில் ஒரு பாட்டி இசைந்தார். தெருவோடு சமமாக இருந்த, முன்பு மளிகைக் கடையாக இருந்த அறையும், பின்னால் ஒரு கூடமும். ஆனால் நிலைப்படியை மட்டும் தொடக் கூடாது என்றார். வெள்ளிதோறும் மஞ்சள் பூசிக் கும்பிடுகிற படி. அதை வெட்டினால் வீட்டில் மகாலட்சுமி தங்கமாட்டாள் என்பது அவர் நம்பிக்கை. நான் வாதாடத் தொடங்கினேன். தம்பி என்னைத் தடுத்துவிட்டு, "பாட்டி, படி அப்படியே இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஆப்பு போல மரத்துண்டு வைத்துக்கொள்கிறேன், வெள்ளிக்கிழமை எடுத்துவிடலாம்" என்றான். தச்சர் அரை நாளில் செய்து கொடுத்தார்.

தம்பியோடு சேர்ந்து வாடகை கொடுக்க, தசைநலிவு நோயுள்ள மற்றோர் இளைஞரும் வந்தார். அதே தெருவில் ஆலை உணவகத்தில் வேலை இழந்திருந்த ஒருவர் காலை இரண்டு மணி நேரமும் இரவு ஒரு மணி நேரமும் இருவருக்கும் உதவ ஒப்புக்கொண்டார். அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 2,000 ரூபாய் ஆயிற்று. அது உதவியாளர் சம்பளத்துக்கே காணாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆகவே தம்பி அந்தக் கடை அறையில் ஒரு கணினி வைத்தான். வடமாநிலத் தொழிலாளருக்கு ரயில் சீட்டு எடுத்துக் கொடுப்பது, ஊருக்குப் பணம் அனுப்புவது, ஆதார் படிவம் நிரப்புவது என்று வேலை பெருகிற்று. இந்தி அவர்களிடமே கற்றுக்கொண்டான். எனக்கு அவன் கற்றுத்தந்த இரண்டு வாக்கியங்கள் இன்னும் நினைவிருக்கின்றன.

எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நான்காம் மாதத்தில் தம்பிக்குப் படுக்கைப்புண் வந்தது. உணர்ச்சியற்ற உடலுக்கு வலி என்ற காவற்காரன் இல்லை. நாம் உட்கார்ந்திருக்கும்போது நமக்குத் தெரியாமலே புரண்டும் அசைந்தும் கொள்கிறோம். அவர்களோ சில நிமிடத்துக்கு ஒருமுறை கைகளால் உடலைத் தூக்கி, அழுந்திய இடத்துக்கு இரத்தம் ஓடவிட வேண்டும். கடையில் கூட்டம் மிகுந்த ஒரு வாரம் அவன் அதை மறந்தான். புண் எலும்புவரை போய்விட்டது. ஆறு வாரம் மருத்துவமனை. அவன் தாய் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "இல்லத்திலேயே இருந்திருந்தால் இது வந்திருக்குமா?" என்று கேட்டாள். வந்திராது என்பதுதான் உண்மை. அங்கே இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிடுவார்கள். நான் அவளுக்கு மறுமொழி சொல்லவில்லை. தம்பிதான் சொன்னான்: "அம்மா, இது என் தவறு. எனக்கு இப்போதுதான் தவறு செய்ய இடம் கிடைத்திருக்கிறது."

புண் ஆறியது, மீண்டும் அந்த அறைக்கே வந்தான். கைக்கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு மணி வைத்துக்கொண்டான். அது ஒலித்தால், எதிரே எவர் நின்றாலும் இரண்டு கையையும் ஊன்றி எழும்பி இறங்குவான். வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள். அவன் மறந்தால், 'மணி அடித்தது' என்று அவர்களே சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்பி போனபோது, அந்த இல்லத்தில் இருந்த மற்றோர் இளைஞரையும் நாங்கள் அழைத்தோம். அவர் வர மறுத்துவிட்டார். அங்கே தமக்குப் பழகிய முகங்கள் இருக்கின்றன, வெளியே அச்சமாக இருக்கிறது என்றார். நான் வற்புறுத்தப் பார்த்தேன், தம்பி கோபித்துக்கொண்டான். "போ என்று சொல்வதும் இரு என்று சொல்வதும் ஒன்றுதான், ஐயா" என்றான். அதோடு விட்டுவிட்டேன். ஆனால் நம் ஊரில் பெரும்பாலான மாற்றுத்திறனாளிகள் எந்த இல்லத்திலும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அவர்கள் நம் வீடுகளின் பின்கட்டில் இருக்கிறார்கள். விருந்தினர் வந்தால் கதவைச் சாத்துகிறோம். அவர்களைத் தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்தவள் ஒரு தாயாக இருப்பாள். அந்தத் தாய்க்கு உதவியாள் இல்லாமல் இல்லங்களை மட்டும் மூடினால், சுமை முழுதும் அவள் தலையில் விழும். உலக வங்கியின் கடனோடு 2022-இல் ஏற்பட்ட 'உரிமைகள்' திட்டத்தின்கீழ் நம் மாநிலத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன. சிகிச்சையை வீட்டருகே கொண்டுவருவது அவற்றின் நோக்கம். ஆலமரத்துக்கு விழுது ஊன்றுவதற்குக் காலம் பிடிக்கும். ஆனாலும் ஊன்றட்டும்.

அந்தத் திட்டம் வந்த அதே 2022-இன் இறுதியில்தான் சென்னை மெரினாவில் கடல் அலை அருகே செல்லும் மரப்பாதை திறந்தார்கள். சில நாளில் புயல் வந்து ஒரு பகுதியைப் பெயர்த்தது, பிறகு செப்பனிட்டார்கள். கும்மிடிப்பூண்டிப் பகுதியில் பிறந்தவனுக்குக் கடல் தொலைவில் இல்லை. என்றாலும் அலையை ஆறு ஆண்டாகப் பார்க்காத தம்பி, செப்பனிட்ட பிறகு போய்வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன். கூட்டம் அதிகம் என்றான்.

சென்ற மாதம் ஒரு மாலை அவனைப் பார்க்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. மணி பத்தை நெருங்கிற்று. கடையின் இரும்புக் கதவை ஒரு கொக்கியால் இழுத்து அவனே பூட்டினான்; சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எதிர்த் தேநீர்க் கடைக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனான். நான் பின்னால் நடந்தேன். தேநீர் சற்றுக் கசந்தது, சர்க்கரை குறைவு. எனக்குக் கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நிலையம்வரை உடன் வருவான் என்று எண்ணினேன். ஆனால் அதற்குள் ஒடிசாக்காரர் ஒருவர் கையில் ஒரு தாளோடு வந்து அவனிடம் ஏதோ கேட்க, அவன் அதை விளக்கு வெளிச்சத்தில் படிக்கத் தொடங்கிவிட்டான். போய்வருகிறேன் என்றேன். தலை நிமிராமல் கையை மட்டும் ஆட்டினான்.